மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை

மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை என்பது ஐக்கிய அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு ஆகும். கணினியையும் இணையத்தையும் பயன்படுத்துவோரின் கருத்துச் சுதந்திரம், அந்தரங்க உரிமை முதலியவற்றைப் பாதுகாப்பது இதன் நோக்கம். இவ்வுரிமைகள் எண்ணிம உரிமைகள் அல்லது டிஜிட்டல் உரிமைகள் எனப் பொதுவாக அழைக்கப்படுகின்றன. இ. எஃப். எஃப். என்ற எழுத்துச் சுருக்கத்தால் பரவலாக அறியப்படும் இவ்வமைப்பை 1990 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் மிட்ச் கேப்போர், ஜான் பெரி பார்லோ, ஜான் கில்மோர் ஆகியோர் நிறுவினர். இதன் தலைமையகம் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ளது.

அச்சில் வெளிவரும் எழுத்துக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு, கணினி வழியாகச் செல்லும் எழுத்துக்கும் உண்டா என்பதே இவ்வமைப்பு தோன்றிய காலத்தில் எழுந்த அடிப்படைக் கேள்வியாகும். காவல் துறையினரும் நீதிபதிகளும் சட்டமியற்றுவோரும் இத்தொழில்நுட்பத்தை அறியாத நிலையில் உரிமைகளைக் காப்பது இயலாது என இதன் நிறுவனர்கள் கருதினர். ஆகவே வழக்காடுதல், பொதுமக்களுக்குக் கற்பித்தல் ஆகிய இரண்டையும் தொடக்கத்திலிருந்தே ஒருங்கே மேற்கொண்டனர்.

பெயர்

எல்லைப்புறம் என்ற சொல், 19 ஆம் நூற்றாண்டில் குடியேற்றக்காரர்கள் சென்று சேர்ந்த, சட்டமும் ஆட்சியும் இன்னும் நிலைபெறாதிருந்த அமெரிக்க மேற்குப் பகுதியைக் குறிப்பது. கணினி வலையமைப்புகளும் அத்தகையதொரு புதிய நிலப்பரப்பே என்ற உருவகத்தின் அடிப்படையில் இப்பெயர் சூட்டப்பட்டது. நிறுவனர்களுள் ஒருவரான பார்லோ, மேற்குப் பகுதி மாநிலமான வயோமிங்கில் மாட்டுப் பண்ணை நடத்தியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தோற்றப் பின்னணி

1990 ஆம் ஆண்டில் இணையம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிலையங்கள் ஆகியவற்றுக்குள்ளேயே இருந்தது. பொதுமக்களில் கணினி ஆர்வம் கொண்டோர் தொலைபேசி வழியாக இணையும் சிறு கணினி அறிவிப்புப் பலகைகளைப் பயன்படுத்தினர். கணினிகளுக்குள் அத்துமீறி நுழைவோர் குறித்த அச்சமும் அக்காலத்தில் பரவியிருந்தது. அவ்வாண்டு மே மாதம் அமெரிக்க இரகசியச் சேவைப் பிரிவு பல நகரங்களில் ஒரே வேளையில் நடத்திய சோதனைகளில் ஏராளமான கணினிகளும் நெகிழ்வட்டுகளும் கைப்பற்றப்பட்டன.

அமைப்பின் தோற்றத்துக்கு மூன்று நிகழ்வுகள் நேரடிக் காரணங்களாக அமைந்தன.

முதலாவது, 1990 மார்ச் 1 ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் உள்ள ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்னும் விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தில் இரகசியச் சேவைப் பிரிவு நடத்திய சோதனை ஆகும். பெல்சவுத் தொலைபேசி நிறுவனத்திலிருந்து நகலெடுக்கப்பட்ட, 911 அவசர அழைப்புச் சேவை தொடர்பான ஆவணம் ஒன்றைத் தேடிச் சென்றவர்கள், நிறுவனத்தின் கணினிகளையும் வெளிவரவிருந்த நூல் ஒன்றின் கையெழுத்துப்படியையும் எடுத்துச் சென்றனர். அந்நிறுவனம் நடத்திய அறிவிப்புப் பலகையில் பயனர்களின் 162 படிக்கப்படாத மின்னஞ்சல்கள் இருந்தன. கணினிகள் மாதக்கணக்கில் திரும்பி வராததால் நிறுவனம் தன் பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை நீக்க நேர்ந்தது. நிறுவனத்தின் மீதோ அதன் உரிமையாளர் மீதோ எக்குற்றமும் சுமத்தப்படவில்லை.

இரண்டாவது, அதே ஆவணத்தை வெளியிட்டதற்காக ஃபிராக் என்னும் மின்னிதழின் இளம் ஆசிரியர் மீது தொடரப்பட்ட வழக்கு ஆகும். ஆவணத்தின் மதிப்பு 79,449 டாலர் என முதலில் கூறப்பட்டது. ஆனால் 1990 ஜூலையில் சிக்காகோவில் விசாரணை நடைபெற்றபோது, அதற்கு இணையான தகவல்கள் 13 டாலர் விலையில் எவரும் வாங்கக்கூடிய வெளியீட்டில் இருப்பது தெரியவந்தது. அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது.

மூன்றாவது, பார்லோவின் பண்ணைக்கு எஃப். பி. ஐ. முகவர் ஒருவர் வந்த நிகழ்வு ஆகும். ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் மூலநிரல் திருடப்பட்டது குறித்து விசாரிக்க வந்த முகவருக்குக் கணினித் தொழில்நுட்பத்தின் அடிப்படைகளையே பார்லோ விளக்க வேண்டியிருந்தது. தாம் எக்குற்றத்தை விசாரிக்கிறோம் என்பதே சரிவரத் தெரியாதவரிடம் தம் குற்றமின்மையை எவ்வாறு நிறுவுவது என்ற கவலை அவருக்கு ஏற்பட்டது. இவ்வனுபவத்தைப் பார்லோ எழுத்தில் வெளியிட்டார். அதனைப் படித்த கேப்போரும் அத்தகைய விசாரணைக்கு உள்ளானவர். அவர் பார்லோவை நேரில் சந்தித்து உரையாடியதன் விளைவாக அமைப்பு உருப்பெற்றது.

நிறுவனர்கள்

மிட்ச் கேப்போர், லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கி, லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருளை உருவாக்கியவர். ஜான் கில்மோர், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் தொடக்ககாலப் பணியாளர். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர். ஜான் பெரி பார்லோ, கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் இசைக்குழுவுக்குப் பாடல்கள் எழுதியவர். 2018 பெப்ரவரி 7 ஆம் நாள் காலமானார். ஆப்பிள் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் தொடக்க நிதியில் ஒரு பகுதியை வழங்கினார். வழக்கறிஞர் மைக் காட்வின் அமைப்பின் முதல் பணிநிலைச் சட்ட ஆலோசகர் ஆவார்.

ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வழக்கு

அறக்கட்டளையின் ஆதரவுடன் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனமும் அதன் அறிவிப்புப் பலகையின் பயனர்கள் சிலரும் இரகசியச் சேவைப் பிரிவுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தனர். 1993 மார்ச் மாதத்தில் நீதிபதி சாம் ஸ்பார்க்ஸ் தீர்ப்பளித்தார். வெளியீட்டாளர்களின் கையெழுத்துப்படிகளைப் பாதுகாக்கும் 1980 ஆம் ஆண்டுச் சட்டமும், சேமிக்கப்பட்ட மின்னணுத் தகவல்களைப் பாதுகாக்கும் 1986 ஆம் ஆண்டுச் சட்டமும் மீறப்பட்டன என அவர் முடிவு செய்தார். நிறுவனத்துக்கு 50,000 டாலருக்கு மேற்பட்ட இழப்பீடு கிடைத்தது.

எனினும், பெறுநரைச் சென்றடையாத மின்னஞ்சலைக் கைப்பற்றுவது தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்பதற்கு ஒப்பாகும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1994 இல் இம்முடிவை உறுதி செய்தது. ஒட்டுக்கேட்பதற்குச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகள் மிகக் கடுமையானவை என்பதால், இவ்வேறுபாடு முக்கியத்துவம் வாய்ந்தது. ஆயினும், கணினியில் இயங்கும் ஒரு சிறு அறிவிப்புப் பலகையும் அதில் உள்ள கடிதங்களும் சட்டப் பாதுகாப்புக்கு உரியவை என்பது இவ்வழக்கின் மூலம் நிலைநாட்டப்பட்டது.

பொதுக் கல்விப் பணிகள்

அறக்கட்டளை 1990 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து எஃபெக்டர் என்னும் செய்தி மடலை மின்னஞ்சல் வழியாக வெளியிட்டு வருகிறது. சட்ட முன்வரைவுகள், வழக்குகள் ஆகியவற்றை இது பொதுவாசகருக்கு விளக்கியது.

இணையத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வழிகாட்டி நூலையும் அறக்கட்டளை ஆடம் காஃபின் என்பவரைக் கொண்டு எழுதுவித்தது. மின்னஞ்சல் அனுப்புதல், தொலைவிலுள்ள கணினியில் நுழைதல், கோப்புகளைப் பெறுதல் முதலிய செயல்களை இந்நூல் எளிய நடையில் கற்பித்தது. மின்னணு வடிவில் இலவசமாக வழங்கப்பட்ட இந்நூலை எம். ஐ. டி. பதிப்பகம் 1994 இல் அச்சிலும் வெளியிட்டது. உலகளாவிய வலை பரவலாகாத அக்காலத்தில், பொதுமக்களுக்கென எழுதப்பட்ட தொடக்ககால வழிகாட்டிகளுள் இதுவும் ஒன்று.

கணினித் தகவல்தொடர்பின் வளர்ச்சிக்கும் உரிமைகளுக்கும் பங்களித்தோருக்கு 1992 முதல் முன்னோடி விருதுகள் வழங்கப்பட்டு வந்தன. சுட்டியைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட், இணைய நெறிமுறையை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ராபர்ட் கான் ஆகியோர் முதல் ஆண்டில் இவ்விருதைப் பெற்றவர்களுள் அடங்குவர்.

குறியாக்கம் தொடர்பான போராட்டங்கள்

ஒரு செய்தியை உரியவர் தவிர வேறெவரும் படிக்க இயலாதவாறு மாற்றும் முறை குறியாக்கம் எனப்படும். 1990களில் வலுவான குறியாக்க மென்பொருள்களை அமெரிக்க அரசு போர்த்தளவாடங்களின் பட்டியலில் வைத்திருந்தது. ஆகவே அவற்றை உரிமமின்றி ஏற்றுமதி செய்வது அக்காலத்தில் குற்றமாக இருந்தது.

கிளிப்பர் சில்லு

1993 ஏப்ரலில் அமெரிக்க அரசு கிளிப்பர் என்னும் சில்லை அறிவித்தது. தொலைபேசி உரையாடல்களைக் குறியாக்கம் செய்யும் இச்சில்லின் திறவுகோல் நகல்களை அரசின் இரு அமைப்புகள் பங்கிட்டு வைத்திருக்கும் என்பதே திட்டம். அறக்கட்டளையும் பிற அமைப்புகளும் இதனைக் கடுமையாக எதிர்த்தன. 1994 இல் ஆய்வாளர் மாட் பிளேஸ் இச்சில்லின் வடிவமைப்பில் ஒரு குறையைக் கண்டறிந்தார். பொதுமக்களின் ஆதரவும் கிட்டாததால் சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது.

பெர்ன்ஸ்டைன் வழக்கு

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணித ஆய்வு மாணவராக இருந்த டேனியல் பெர்ன்ஸ்டைன், தாம் உருவாக்கிய குறியாக்க முறையை வெளியிட விரும்பினார். அதற்கு ஆயுத ஏற்றுமதியாளருக்குரிய உரிமம் தேவை என அரசு கூறியது. 1995 இல் அறக்கட்டளையின் ஆதரவுடன் அவர் வழக்குத் தொடர்ந்தார். கணினி மூலநிரலும் ஒரு வகைப் பேச்சே என்றும், அதற்கும் அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் அளிக்கும் பாதுகாப்பு உண்டு என்றும் நீதிபதி மெரிலின் ஹால் பட்டேல் 1996 இல் தீர்ப்பளித்தார். 1999 இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வும் பெர்ன்ஸ்டைனுக்குச் சார்பாகவே தீர்ப்பு வழங்கியது. அத்தீர்ப்பு மறுவிசாரணைக்காக விலக்கப்பட்டது. ஆயினும் 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசே ஏற்றுமதி விதிகளைப் பெருமளவு தளர்த்தியது.

டெஸ் உடைப்புப் பொறி

டெஸ் என்பது 1977 இல் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட குறியாக்கத் தரம் ஆகும். இதன் திறவுகோல் 56 பிட் நீளம் உடையது. அதாவது, ஏறத்தாழ 72,000 இலட்சம் கோடித் திறவுகோல்கள் உள்ளன. இதனைக் குறுகிய காலத்தில் உடைப்பது நடைமுறையில் இயலாதது என அரசு அதிகாரிகள் கூறிவந்தனர். அறக்கட்டளை 2,50,000 டாலருக்கும் குறைந்த செலவில் ஒரு தனிப்பொறியை உருவாக்கியது. வினாடிக்கு ஏறத்தாழ 9,000 கோடித் திறவுகோல்களைச் சோதிக்கும் இப்பொறி, 1998 ஜூலையில் ஒரு டெஸ் செய்தியை 56 மணி நேரத்தில் உடைத்தது. சிறிய அமைப்பு ஒன்றால் இயன்றது எந்த அரசாலும் இயலும் என்பதே இச்செயலின் வாதமாகும்.

பொறியின் வடிவமைப்பும் நிரலும் அச்சு நூலாக வெளியிடப்பட்டன. ஏற்றுமதி விதிகள் அச்சு நூலைக் கட்டுப்படுத்தவில்லை என்பதே இதற்குக் காரணம். ஒரே நிரல் தாளில் இருந்தால் நூல் என்றும், வட்டில் இருந்தால் ஆயுதம் என்றும் கருதப்பட்ட முரண்பாட்டை இது வெளிப்படுத்தியது. டெஸ் தரத்துக்கு மாற்றாக 2001 இல் ஏஇஎஸ் என்னும் புதிய தரம் ஏற்கப்பட்டது.

தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டம்

1996 பெப்ரவரி 8 ஆம் நாள் அதிபர் பில் கிளின்டன் கையொப்பமிட்ட தொலைத்தொடர்புச் சட்டத்தின் ஒரு பகுதியாகத் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டம் அமைந்தது. 18 வயதுக்குக் குறைந்தோர் காணக்கூடிய வகையில் இணையத்தில் அநாகரிகமான செய்திகளை வெளியிடுவது, ஈராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என இது வகுத்தது. அநாகரிகம் என்பதற்குத் தெளிவான வரையறை இல்லாததால், மருத்துவம், நோய்த் தடுப்பு, இலக்கியம் முதலிய துறைகளில் எழுதுவோரும் தண்டிக்கப்படலாம் என அஞ்சப்பட்டது.

எதிர்ப்பின் அடையாளமாக ஆயிரக்கணக்கான வலைத்தளங்கள் தம் பக்கங்களின் பின்னணியை 48 மணி நேரம் கறுப்பாக மாற்றின. அறக்கட்டளை தொடங்கிய நீல நாடா இயக்கத்தில் இணைந்தோர் தம் வலைத்தளங்களில் நீல நிற நாடாவின் படத்தை இட்டனர். சட்டம் கையொப்பமான நாளன்றே பார்லோ, சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலிருந்து இணையவெளியின் விடுதலை அறிக்கையை வெளியிட்டார்.

அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் தொடர்ந்த வழக்கில் அறக்கட்டளையும் ஒரு வாதியாக இணைந்தது. பிலடெல்பியா நீதிமன்ற அறையிலேயே கணினிகளை அமைத்து, இணையம் எவ்வாறு செயல்படுகிறது என்பது மூன்று நீதிபதிகளுக்கும் காட்டப்பட்டது. வானொலி, தொலைக்காட்சி போல் இணையச் செய்தி தானாக வீட்டுக்குள் வருவதில்லை, பயனரே அதனைத் தேடிச் செல்கிறார் என்ற வேறுபாட்டை நீதிபதிகள் தம் தீர்ப்பில் விரிவாகப் பதிவு செய்தனர். 1997 ஜூன் 26 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பெருமளவு இப்பதிவுகளின் அடிப்படையில், அநாகரிகம் தொடர்பான பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. இணையத்தில் கூறப்படும் கருத்துகளுக்கும் அச்சு ஊடகத்துக்கு இணையான பாதுகாப்பு உண்டு என்பது இதன் மூலம் உறுதியானது.

இத்தீர்ப்பை இந்திய உச்ச நீதிமன்றமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கிய 2015 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியுள்ளது.

விமர்சனங்கள்

அறக்கட்டளை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கிப் பின்னர் வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. அங்கு, தொலைபேசி நிறுவனங்கள் ஒட்டுக்கேட்பதற்கு வசதி செய்து தர வேண்டும் என்ற 1994 ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்பான பேச்சுவார்த்தைகளில் அது பங்கேற்றது. சட்டத்தின் கடுமையைக் குறைக்கவே பங்கேற்றதாகக் கூறப்பட்டாலும், எதிர்க்க வேண்டிய சட்டத்துக்கு இணங்கிச் சென்றதாக ஆதரவாளர்களே குறை கூறினர். இதனையடுத்து வாஷிங்டன் அலுவலகத்தை வழிநடத்திய ஜெரி பெர்மன் விலகி, மக்களாட்சிக்கும் தொழில்நுட்பத்துக்குமான மையம் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். அறக்கட்டளை 1995 இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறி, வழக்காடுதலில் கூடுதல் கவனம் செலுத்தியது.

பார்லோவின் விடுதலை அறிக்கை அரசின் அதிகாரத்தை மட்டுமே அச்சுறுத்தலாகக் கண்டது, பெருநிறுவனங்களின் அதிகாரத்தைக் கருத்தில் கொள்ளவில்லை என்ற விமர்சனமும் உண்டு. பிற்காலத்தில் நிறுவனங்கள் பயனர்களின் தரவுகளைத் திரட்டுவது பெருகியபோது, அறக்கட்டளையின் பணிகளும் அத்திசையில் விரிந்தன. வலைத்தளங்கள் பயனரைப் பின்தொடர்வதைத் தடுக்கும் பிரைவசி பேட்ஜர் என்னும் மென்பொருளை 2014 இல் இவ்வமைப்பு வெளியிட்டது. வலைத்தளங்களுக்குக் குறியாக்கச் சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் திட்டத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்றது. ஒரு காலத்தில் போர்த்தளவாடமாகக் கருதப்பட்ட குறியாக்கம், இத்தகைய முயற்சிகளால் சாதாரண வலைத்தளங்களின் இயல்பான பகுதியாகியுள்ளது.