பாலத்துச் சுங்கமும் கூரையில்லாப் பெட்டியும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். நம் கல்லூரியை விட்டு வெளியேறி, சில வருடங்கள் இன்ஜினியராக வேலை பார்த்த பிறகு, 'டிஜிட்டல் பொருளாதாரம்' என்ற முதுநிலைப் படிப்பில் போய் உட்கார்ந்தவன் நான். விஷயம் தெரிந்ததும், "இன்ஜினியருக்கு எதுக்குப்பா பொருளாதாரம்?" என்று கேட்காதவர்களே இல்லை. கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் சரித்திரத்தில் இருக்கிறது. அதையே இங்கே எழுதுகிறேன்.

பெயர்தான் புதுசு, சரக்கு பழசு. இந்தப் படிப்பின் வேர் கம்ப்யூட்டரில் இல்லை, ஒரு பாலத்தில் இருக்கிறது!

பிரான்ஸ் நாட்டில் பாலமும் சாலையும் கட்டும் பொறியாளர்களுக்காக 1747-ல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அந்தத் துறையில் வளர்ந்த அரசுப் பொறியாளர் ஜூல் துபுயி (1804–1866). இவர் 1844-ல், பொருளாதார இதழில் அல்ல, பொறியாளர்களின் துறை இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பொதுப்பணிகளால் மக்களுக்குக் கிடைக்கும் பயனை எப்படி அளப்பது என்பதுதான் அவருடைய கேள்வி. பாலம் கட்டப் பெருஞ்செலவு ஆகிறது. கட்டி முடித்த பிறகு இன்னும் ஒருவர் நடந்து போனால் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சுங்கம் கொடுக்க முடியாமல் அவர் திரும்பிப் போய்விட்டால், அவர் இழந்த பயன் வேறு யார் கைக்கும் போய்ச் சேராது. வீணாகிறது, அவ்வளவுதான். சரி, சுங்கமே வேண்டாமென்றால் பாலத்துக்குப் போட்ட பணம் எப்படித் திரும்பும்?

பாலம் என்று இருக்கும் இடத்தில் மென்பொருள் என்று போட்டுப் பாருங்கள். முதல் பிரதிக்குக் கோடிக்கணக்கில் செலவு. அடுத்த பிரதிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எங்கள் முதல் வகுப்பு இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

துபுயி 1849-ல் இன்னொரு சங்கதியையும் எடுத்துச் சொன்னார். அந்தக் காலத்தில் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகள் பலவற்றுக்குக் கூரை கிடையாது. வெயிலோ மழையோ, ஏழைகள் நனைந்துகொண்டே போக வேண்டியதுதான். கூரை போடச் செலவாகும் என்பதா காரணம்? இல்லை என்றார் துபுயி. ஏழையை வதைக்க வேண்டும் என்பதும் நோக்கமல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க வசதி உள்ளவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது! அவனைப் பயமுறுத்துவதற்காக ஏழை நனைந்தான்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 1990-ல் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு லேசர் பிரின்டருக்கு மலிவுப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. விலை கூடிய மாடல் நிமிடத்துக்கு 10 பக்கம் அச்சடித்தது. மலிவு மாடல் 5 பக்கம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இயந்திரம். வேகத்தைக் குறைப்பதற்காக மலிவு மாடலில் கூடுதலாக வேலை செய்து வைத்திருந்தார்கள்! கூரையைப் பிரிக்கச் செலவு செய்த கதை. அந்தத் தாமதத்தை வடிவமைத்தவர் வியாபாரியா? நம்மைப் போன்ற ஓர் இன்ஜினியர்தானே?

ஆனால் உடனே கோபப்பட்டுவிடவும் கூடாது. மலிவுப் பதிப்பு வராவிட்டால் பிரின்டரே வாங்க முடியாதவர்களும் இருந்திருப்பார்கள். இப்படிச் சரக்கைக் குறைப்படுத்தி விற்பதால் சில சமயம் எல்லாருமே லாபமடையலாம் என்று டெனக்கியர், மெக்காஃபி என்ற இருவர் 1996-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எப்போது லாபம், எப்போது அநியாயம் என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். அந்தக் கணக்கைச் சொல்லித்தருவதுதான் இந்தப் படிப்பு.

மறுபடியும் பிரான்ஸுக்கு வருவோம். அங்கே 1982-ல் மினிடெல் என்ற சேவை நாடு முழுவதும் தொடங்கியது. தொலைபேசிச் சந்தாதாரர்களுக்குச் சின்னத் திரைப்பெட்டியைச் சும்மாவே கொடுத்தார்கள். பெட்டி வீடுவீடாகப் போனால்தான் சேவை நடத்துகிறவர்கள் வருவார்கள்; சேவை இருந்தால்தான் மக்கள் பெட்டியைத் தொடுவார்கள். நிமிடக் கணக்கில் கட்டணத்தைத் தொலைபேசி பில்லிலேயே வசூலித்து, சேவை நடத்தியவர்களோடு பங்கிட்டார்கள். 2012 ஜூன் 30-ல் மினிடெல் மூடப்பட்டது. அதன் சூத்திரம் மட்டும் நம் எல்லார் செல்போனிலும் வாழ்கிறது.

ஒரு பக்கத்துக்கு இலவசம், மறு பக்கத்துக்குக் கட்டணம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு 2003-ல் முறையான கோட்பாடு எழுதியவர்களில் முக்கியமானவர்கள் துலூஸ் நகரத்து ழான்-ஷார்ல் ரோஷே, ழான் திரோல் இருவரும். திரோலுக்கு 2014-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர் பட்டம் பெற்றது எங்கே தெரியுமா? 1747-ல் தொடங்கிய அதே பாலங்கள், சாலைகள் பள்ளியில்! ஆக, பாலத்துச் சுங்கத்திலிருந்து செல்போன் வரை கேள்வி கேட்டவர்கள் நம் ஜாதிக்காரர்கள்தான். இன்ஜினியர் ஜாதியைச் சொல்கிறேன்!

நம் ஊருக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. யு.பி.ஐ. மூலம் பணம் வாங்கும் கடைக்காரரிடம் தள்ளுபடிக் கட்டணம் எடுக்கக் கூடாது என்று 2020 ஜனவரி 1 முதல் நம் அரசு விதித்தது. டீக்கடைக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பின்னால் ஓடும் சர்வருக்கும் ஊழியருக்கும் யாரோ செலவு செய்தாக வேண்டுமே! துபுயியின் பாலம்தான் இது. சுங்கத்தை எடுத்தாயிற்று, பராமரிப்பு யார் தலையில்?

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் படிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆட்டக் கோட்பாடு, ஏலங்கள், புள்ளியியல், போட்டிச் சட்டம் என்று பாடங்கள் வரும். இவற்றுக்கு வேண்டிய கணிதத்தில் பெரும்பகுதி நம் கல்லூரியிலேயே உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. எல்லாரும் இதில் சேர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். விலை பற்றிய தீர்மானம் 'விலை' என்ற பெயரோடு நம் மேஜைக்கு வராது. "இந்தப் பதிப்பில் வேகத்தைக் குறை", "இலவசக் கணக்குக்கு இந்த வசதியை மூடு" என்று, ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகத்தான் வரும். அன்றைக்கு, யாருடைய கூரையைப் பிரிக்கிறோம், எதற்காகப் பிரிக்கிறோம் என்று கேட்கத் தெரிந்த ஓர் இன்ஜினியராவது அந்த அறையில் இருக்க வேண்டும். அவர் நம் கல்லூரிக்காரராக இருந்தால் எனக்குப் பெருமை.