ஒரு மசோதாவின் வழித்தடம்



சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், கட்டுரை காதையில், எங்கள் ஊர்ப்பெயர் வருகின்றது. அந்நாளில் தங்கால் என வழங்கிய திருத்தங்கலில் வாழ்ந்த வார்த்திகன் என்பவனை, அரசனுடைய ஏவலர் பொய்ப்பழி சுமத்திச் சிறையில் இட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். கொற்றவை கோயிற் கதவு திறவாது நின்றது. நேர்ந்த தவற்றை உணர்ந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்கினான் என்பது வரலாறு.

அதே காப்பியத்தின் வஞ்சிக் காண்டத்தில் 'தமிழ்நாடு' என்னும் பெயரும் காணப்படுகின்றது. இத்துணைப் பழமையான பெயர் நம் மாநிலத்தின் சட்டப்பெயராக ஆவதற்கு 1969 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முடியாட்சியில் மன்னன் ஒருவன் மனம் மாறினால் போதும். ஆணை உடனே பிறந்துவிடும். மக்களாட்சியிலோ ஒரு கோரிக்கை தீர்மானமாகி, மசோதாவாகி, விவாதிக்கப்பெற்று, வாக்கெடுப்பில் வென்று, அதன் பின்னரே சட்டமாதல் வேண்டும். அந்த நெடுவழியை அடியொற்றிச் சென்று காண்பது எப்படி என்பதையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

திருத்தங்கலிலிருந்து இருப்புப்பாதை வழியே சென்றால் சிறிது நேரத்தில் விருதுநகரை அடையலாம். அந்நகரில், 1956ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அவர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. எழுபது நாட்களுக்கு மேலாக நோன்பிருந்த அப்பெரியார், அக்டோபர் 13ஆம் நாள் மதுரை மருத்துவமனையில் உயிர் நீத்தார். நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. எல்லைகள் மாறின; பெயர் மட்டும் சென்னை மாநிலம் என்றே நின்றது.

இனி, சட்டமன்ற ஏடுகளைப் புரட்டுவோம். 1957இல் பெயர் மாற்றம் கோரும் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் வந்தது, தோற்றது. 1961இல் சோஷலிஸ்ட் உறுப்பினர் சின்னதுரை அவர்கள் அதே நோக்கத்துடன் மற்றொரு தீர்மானம் கொணர்ந்தார். அதுவும் நிறைவேறவில்லை. ஆயினும் அவ்வாண்டு பிப்ரவரியில், தமிழில் எழுதும்போது 'தமிழ்நாடு' என வழங்கலாம் என அரசு அறிவித்தது. தீர்மானம் தோற்ற இடத்தில் கோரிக்கையின் ஒரு பகுதி வென்றது. வாக்குகளின் கூட்டலை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தென்படாது. அடுத்த மாதங்களில் அரசு என்ன செய்தது என்று தேடிப் பார்ப்பவருக்கே தெரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தீர்மானம் என்பது அவையின் கருத்து. மசோதா என்பது சட்டத்தின் முன்வடிவு. மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரத்தை நம் அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு நாடாளுமன்றத்துக்கே அளித்திருக்கின்றது. ஆகவே சென்னையில் எத்தனை தீர்மானங்கள் வந்தாலும், முடிவு டெல்லியில்தான் அமைய வேண்டும். எந்த அவைக்கு எந்த அதிகாரம் என்பதை அறியாமல் ஓர் உறுப்பினரின் பணியை அளக்கப் புகுவது, மரக்காலைக் கொண்டு துணியை அளப்பது போலாகும்.

டெல்லியில் அம்முயற்சியை மேற்கொண்டவர் தமிழர் அல்லர். வங்காளத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பூபேஷ் குப்தா. பெயர் மாற்றத்துக்காக அவர் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். 1963இல் அதன்மீது நடந்த விவாதத்தில், அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அறிஞர் அண்ணா உரையாற்றினார். பெயரை மாற்றுவதால் என்ன பயன் என்ற வினா எழுந்தபோது, நாடாளுமன்றத்தின் அவைகளுக்கு லோக்சபை, ராஜ்யசபை என்றும், குடியரசுத் தலைவருக்கு ராஷ்டிரபதி என்றும் பெயர் சூட்டியதால் கண்ட பயன் யாது என அவர் திருப்பி வினவினார். பண்டைத் தமிழ் இலக்கியங்களிலே தமிழ்நாடு என்னும் பெயர் பயில்வதையும் எடுத்துக் காட்டினார். எனினும் அவை அந்த மசோதாவை ஏற்கவில்லை.

தனி உறுப்பினர் மசோதாவுக்கு இத்தகைய முடிவு நேர்வது புதிதன்று. அமைச்சரல்லாத உறுப்பினர் எவரும் மசோதா கொணரலாம். ஆனால் அவற்றுக்கென ஒதுக்கிய நேரமோ வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் இரண்டரை மணி. அறிமுகமான மசோதாக்களில் பெரும்பாலானவை விவாதத்துக்கே வருவதில்லை. உறுப்பினரின் பதவிக்காலம் முடிந்தால் அவருடைய மசோதாவும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். விடுதலைக்குப் பின் இவ்வகையில் சட்டமானவை 14 மட்டுமே. 1970க்குப் பிறகு ஒன்றேனும் சட்டமாகவில்லை. நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளவாறு வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பளித்த 1956ஆம் ஆண்டுச் சட்டம், பெரோஸ் காந்தி கொணர்ந்த தனி உறுப்பினர் மசோதாவின் பயனே. அவையில் நிகழ்வதை மக்கள் அறிந்துகொள்வதற்குத் துணைநின்ற சட்டமும் அந்தப் பதினான்கனுள் ஒன்றாக அமைந்தது.

மீண்டும் நம் மசோதாவுக்கு வருவோம். 1967இல் ஆட்சி மாறியது. ஜூலை 18ஆம் நாள், முதலமைச்சராகிய அண்ணா பெயர் மாற்றத் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். அனைத்துக் கட்சியினரும் ஒருமனதாக அதனை ஏற்றனர். 1968இல் மத்திய அரசே கொணர்ந்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளில், 'தமிழ்நாடு' சட்டப்பெயராயிற்று. அடுத்த மாதம் 3ஆம் நாள் அண்ணா மறைந்தார்.

அந்தச் சட்டத்தை நீங்கள் எடுத்துப் படித்தால், சங்கரலிங்கனார் பெயர் அதில் இராது. சின்னதுரை பெயர் இராது. பூபேஷ் குப்தா பெயரும் இராது. ஆயினும் 1963ஆம் ஆண்டின் அவை நடவடிக்கையில் அவருடைய மசோதா அச்சாகி நிற்கின்றது. தமிழுக்காக ஒரு வங்காளி எழுந்து நின்றார் என்பதற்கு அந்த ஏடே சாட்சி.

இதே நிலையை அண்மைக் காலத்திலும் காணலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த திருச்சி சிவா அவர்கள் திருநங்கையர் முதலானோரின் உரிமைகளுக்காகக் கொணர்ந்த மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24ஆம் நாள் நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2019இல் அரசின் வேறொரு மசோதா அப்பொருள் பற்றிய சட்டமாயிற்று. இரண்டின் வாசகங்களையும் அருகருகே வைத்துப் படிப்பவர், உறுப்பினர் கேட்டது எது, அரசு கொடுத்தது எது என்பதைத் தெளிவாக உணரலாம்.

ஆதலால் மாணவ நண்பர்களே, உங்கள் தொகுதி உறுப்பினரின் பணியை அறிய ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தொடர் தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை, அவர் கொணர்ந்தது தீர்மானமா மசோதாவா, எந்நாளில் அறிமுகமாயிற்று, விவாதத்துக்கு வந்ததா, அவர் என்ன பேசினார், மறுத்தவர் சொன்ன காரணம் யாது, வாக்கெடுப்பு எவ்வாறு முடிந்தது என்று எழுதுங்கள். கடைசியில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே பொருள் வேறொருவர் கையில் சட்டமாகி வரக்கூடும். மசோதாக்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். தோல்வியைக் கண்டு இகழவும் வேண்டாம். பத்து மசோதாக்களை அறிமுகம் செய்துவிட்டு ஒன்றைப் பற்றியும் பேசாதவர் உண்டு. ஒரே மசோதாவைக் கொணர்ந்து, தோற்று, பின்வந்தோர்க்கு வழி அமைத்துத் தந்தவரும் உண்டு. இவ்விருவரையும் பிரித்தறிவது வாக்காளரின் கடமை. நாளை அந்தக் கடமை உங்களுடையது.