சீன–யூத இல்லமும் குழந்தைப் படநூலும்

குழந்தைகளுக்கென எழும் படநூல்களை இலக்கிய வரலாற்றார் பெரும்பாலும் கருதுவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் இளையோர்க்கு எதனைக் கொடுத்துச் செல்ல விழைகிறது என்பதை அறிய அவற்றினும் தெளிவான சான்று அரிது. 2023-இல் ரிச்சர்டு ஹோ எழுத, லின் இசுகர்பீல்டு ஓவியந் தீட்டி, அமெரிக்காவில் வெளிவந்த ‘இரு புத்தாண்டுகள்’ எனப் பொருள்படும் நூல் இவ்வகையினது. இலையுதிர் காலத்தில் யூதப் புத்தாண்டையும், குளிர்காலத்தில் சீனப் புத்தாண்டையும் ஒரே குடும்பம் கொண்டாடுதலை அது காட்டுகிறது. இவ்வாறு இரு மரபுகள் ஓரில்லத்தில் கூடுதல் இக்காலப் புதுமையா? கூடியவழி ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுமா? இவ்விரு வினாக்களை வரலாற்றுச் சான்று கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் வினாவிற்கு விடை கூறுவன கைபெங் நகரத்துக் கல்வெட்டுகள். சுங் மரபினரின் தலைநகராய் விளங்கிய அந்நகரில் யூதர் 1163-இல் தொழுகைக் கூடம் எழுப்பினர் என்று 1489-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தம் நெறி ‘தியன்சு’ நாட்டினின்று வந்தது என்றும், வந்தோர் மேலைநாட்டுத் துணியைத் திறையாகச் செலுத்தினர் என்றும் அது குறிக்கிறது. அப்பெயர் சீனநூல்களில் இந்தியாவைக் குறிப்பது. ஈண்டு இந்நாட்டையே சுட்டுகிறதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அக்கல்வெட்டின் மொழி சிறப்பாக நோக்கத்தக்கது. அது சீன மொழியில், சீனச் சான்றோர் நடையில் அமைந்தது. வடசொல்லைத் தமிழெழுத்தால் ஏற்கத் தொல்காப்பியர் நெறி வகுத்தார். சீனத்திலோ ஒலிக்கேற்ற எழுத்தைத் தேர்வார் பொருளையும் உடன் தேர்கின்றனர். ஆபிரகாம் என்னும் பெயரின் ஈற்றுப் பகுதி, பௌத்த அருகரைக் குறிக்கும் ‘லோகான்’ எனும் எழுத்துகளால் எழுதப்பட்டது. யூத முன்னோன் பெயர் சீன எழுத்தில் பௌத்தச் சாயல் பெற்றது என்க. விண்ணைப் போற்றலிலும் முன்னோரை வழிபடலிலும் தம் நெறி கன்பூசிய நெறியோடு ஒத்தது என்றும் அக்கல்வெட்டு வற்புறுத்துகிறது. 1704-இல் அங்குச் சென்ற இயேசு சபைத் துறவி கொசானி, மூதாதையர்க்குத் தூபக்கலங்கள் வைத்திருந்ததைக் கண்டார், உருவங்கள் இல்லை. சடங்கு சீனருடையது, உருவம் விலக்கல் யூதருடையது. எனவே கலப்பு புதுமையன்று என்பது போதரும்.

இரண்டாம் வினா அரியது. கைபெங் யூதர் சீனரோடு கலந்தமையால் அழிந்தனர் என்பர் சிலர். இக்கருத்துச் சான்றுகளோடு பொருந்துவதாய் இல்லை. 1642-இல் முற்றுகையின்போது மஞ்சளாற்றுக் கரை உடைக்கப்பட, நகரம் நீரில் மூழ்கியது. தொழுகைக் கூடமும் அழிந்தது. அதற்குள் அவர்கள் அந்நகரில் பல நூற்றாண்டு வாழ்ந்து, சீனக் குடும்பப் பெயரும் உடையும் மொழியும் தமவாகக் கொண்டிருந்தனர். எனினும் வெள்ளத்தினின்று மறைச்சுருள்களை மீட்டுச் செப்பஞ் செய்தனர். கூடத்தை மீண்டும் எழுப்ப முன்னின்றவருள் ஒருவர் சாவ் இங்செங். 1646-இல் சீன அரசின் உயர்தேர்வில் தேறிய அலுவலர். கன்பூசியக் கல்வியில் முதிர்ந்த ஒருவரே யூதக் கூடத்தை எடுப்பித்தார் எனின், கலப்பே அழிவு என்பது எங்ஙனம் பொருந்தும்?

உண்மைக் காரணத்தை 1605-இல் நிகழ்ந்த ஒன்று உணர்த்தும். கைபெங் யூதராகிய ஆய் தியன், பீகிங்கில் மத்தேயோ ரிச்சியைக் கண்டார். அங்கிருந்த, மரியாளும் குழந்தை இயேசுவும் யோவானும் அமைந்த ஓவியத்தை, ரெபெக்காளும் அவள் மைந்தர் யாக்கோபும் ஏசாவும் எனக் கொண்டு வணங்கினார். ஆனால் எபிரேய நூலைக் காட்டியபோது எழுத்தை இனங்கண்டாரேயன்றிப் படிக்க இயலவில்லை. இளமை முதற் சீனக் கல்வியே பயின்றவர் அவர். எழுத்து அவரைவிட்டு நீங்கியும் கதை நீங்கவில்லை. ஆயின் கதை மட்டும் நெடிது நில்லாது. வெளியுலகத் தொடர்பு அற்றது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறுதிக் குருவும் மறைந்தார், ஓதுவிப்பார் இலராயினர். 1866-இல் மார்ட்டின் என்னும் சமயத் தொண்டர் சென்றபோது கூடம் இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. குடி கெட்டது கலப்பினால் அன்று. கற்பிப்பார் இன்மையால் என்பதே பொருத்தம்.

இவ்வொளியில் படநூல்களை மீண்டும் நோக்குவோம். 2015-இல் வெளிவந்த ஐடி இசுமித்து ஐடின் ‘சாங்காய்ச் சுக்கா’ எனும் பெயரிய நூல், நாசிகளுக்கு அஞ்சிப் பெர்லினை நீங்கிய யூதச் சிறுவன் சாங்காயில் சீனத் தோழன் ஒருவனோடு கூடாரத் திருவிழாவிற்குக் குடில் அமைத்தலைக் கூறுகிறது. அது அயலார் நட்பு; ‘இரு புத்தாண்டுகள்’ காட்டுவது ஓரில்லத்து உறவு. இவ்வுறவுக்கு இயல்பான அடிப்படையும் உண்டு. இரு மக்களும் மதியால் திங்களைக் கணித்து, பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு மிகைத் திங்கள் சேர்த்துக் கதிரோடு இசைவிப்பவர். புத்தாண்டுகள் வேறாயினும் இரண்டும் பிறைத் தொடக்கத்தையே சார்ந்தவை.

ஆய் தியன் ஓவியத்தில் தன் முன்னோரைக் கண்டது போல, இக்காலக் குழந்தை ஏட்டில் தன் இரு வழி முன்னோரையும் காண்கிறது. அதுவே படநூலின் ஆற்றல். அதன் எல்லையும் அதுவே. விழாவையும் உணவையும் ஓவியம் கொடுக்கும். மொழியையும் மறையையும் கொடாது. படத்தைக் காட்டிய பெற்றோர் எழுத்தையும் கற்பிப்பின் இரு மரபும் ஓரில்லத்தில் வாழும். கற்பியாதுவிடின் ஒன்றேனும் வாழாது. கைபெங் நமக்கு உணர்த்துவது இதுவே.