புளோரன்ஸ் பன்னீரும் நாரத்தைப் பூவும்

இத்தாலிக்குப் போனால் விமான நிலையக் கடையிலேயே வாசனைப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதுதான் எங்கட ஆக்களின் வழக்கம். புளோரன்ஸ் பக்கம் போகிறவர்கள் ஸ்காலா வீதியிலுள்ள சாந்தா மரியா நொவெல்லா கடையையும் ஒருக்கா எட்டிப் பார்க்கலாம். ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சத் தூர நடைதான்.

1221இல் அந்நகருக்கு வந்த டொமினிக்கன் துறவிகளின் மருந்துச்சாலையாக இருந்த இடம் அது. 1381இலேயே அங்கே பன்னீர் விற்றிருக்கிறார்கள். பூசிக்கொள்ள அல்ல, கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டைச் சுத்தப்படுத்த. 1612இல் பொதுமக்களுக்குக் கடை திறந்தது. 1866இல் அரசு மடத்துச் சொத்துக்களைப் பறித்தபின் தனியார் கைக்குப் போனது. இன்றும் பழைய தேவாலய அறையொன்றில்தான் வியாபாரம். 1533இல் பிரான்சுக்கு மருமகளாகப் போன கத்தரீன் தெ மெடிச்சிக்காகச் செய்ததென்று சொல்லப்படும் 'அரசியின் நீர்' தான் இங்கே பேர்போனது.

இத்தாலிய வாசனையின் கதையை இந்த அரசியிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முந்திய அத்தியாயம் அவர்களுடைய சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது. வடிகலத்துக்கு இத்தாலியில் 'அலம்பிக்கோ' என்று பெயர். அறபியின் 'அல்அன்பீக்'தான் அது. வாசனை வடிக்கும் செய்முறைகள் நூற்றுக்கு மேல் கொண்ட நூலொன்று 9ஆம் நூற்றாண்டு அல்கிந்தியின் பேரில் வழங்குகிறது. 827இல் முஸ்லிம் படை சிசிலியில் இறங்கியது. 1091இல் தீவு முழுவதும் நோர்மானியர் கைக்குப் போகுமுன் அங்கே புளிப்புத் தோடை வேர்பிடித்துவிட்டது. அதன் பூவைச் சிசிலிக்காரர் இன்றும் 'ஸாகரா' என்கிறார்கள். அறபியில் 'ஸஹ்ர்' என்றால் பூ. பாத்திமா ஸஹ்ரா என்று பிள்ளைக்குப் பேர் வைக்கிறோமே, அதே வேர்தான். அந்தப் பூவில் வடித்த எண்ணெய்க்கு 17ஆம் நூற்றாண்டில் நெரோலா இளவரசியால் 'நெரோலி' என்று வேறு பேர் விழுந்தது.

இதை வைத்து எல்லாம் நாங்கள் கொடுத்ததென்று மார்தட்டவும் ஏலாது. 'அன்பீக்' அறபுக்கு வந்ததே கிரேக்கத்திலிருந்து. தோடையைக் குறிக்கும் இத்தாலியச் சொல் 'அரான்சா' அறபியின் 'நாரன்ஜ்' வழி வந்தது. அது பாரசீகத்தில் 'நாரங்', சமஸ்கிருதத்தில் 'நாரங்க'. அதற்கும் அப்பால் திராவிட மூலமுண்டு என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. எங்கட நாரத்தையும் அந்தக் குடும்பம்தான்.

இத்தாலியக் கடைகளில் பெரும்பாலான போத்தல்கள் மதுசாரத்தில் கரைத்தவை. விரும்பாதவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. லேபிளில் 'ஸாகரா' என்றோ 'நெரோலி' என்றோ இருந்தால் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். நாரத்தைப் பூ மணக்கும்.