ரத்தம் சொன்ன கணக்கு – 4
கோபன்ஹேகன், ஆகஸ்ட் 1952

போன வாரம் பிளெக்டாம் மருத்துவமனையின் வாசலில் நின்றோம். இப்போது உள்ளே போகலாம்.

1952 கோடையில் கோபன்ஹேகன் நகரைப் போலியோ சூறையாடிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் 50 பேர் வரை அங்கே கொண்டுவரப்பட்டார்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு உதவ இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் கவசம்போல் மாட்டும் ஆறு கருவிகளும்தான். அவற்றில் வைத்துப் பார்த்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்றே வாரத்தில் இறந்துபோனார்கள்.

கடைசி நேரத்தில் உடம்பு வியர்த்துக் கொட்டும். காய்ச்சல் ஏறும். ரத்த அழுத்தம் எகிறும். பிறகு நினைவு தப்பும். கிருமி மூளையையே தாக்கிவிட்டது, இனி நம் கையில் ஒன்றுமில்லை என்றுதான் மருத்துவர்கள் நினைத்தார்கள்.

ஆனால் ஆய்வுக்கூடம் இன்னொன்றையும் சொன்னது. நோயாளிகளின் ரத்தத்தில் மொத்தக் கரியமில வாயுவின் அளவு மிக அதிகம். அன்று வழக்கமாக அளந்தது அதைத்தான். அந்த மொத்தத்தில் பெரும்பங்கு பைகார்பனேட். அது காரம். ஆகவே ஏதோ காரணத்தால் ரத்தத்தில் காரம் மிஞ்சிவிட்டது என்று முடிவுகட்டினார்கள்.

ஆகஸ்ட் 25 அன்று தலைமை மருத்துவர் லாசன் ஒரு கூட்டம் கூட்டினார். அவருடைய குழுவில் இருந்த பியோர்னபோ என்பவர் ஒரு பெயரைச் சொன்னார்: பியோர்ன் இப்சன். பாஸ்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மயக்க மருத்துவர். அந்தக் காலத்தில் மயக்க மருத்துவருக்கு அறுவை அரங்கத்தைத் தாண்டி வேலை கிடையாது. தொற்றுநோய் வார்டுக்குள் அவரை அழைப்பது யாரும் கேள்விப்படாத காரியம். லாசன் அழைத்தார். அதற்காகவே அந்த மனிதரை மதிக்கிறேன்.

இப்சன் நான்கு பிரேதப் பரிசோதனைகளைப் பார்த்தார். நுரையீரல்கள் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கெட்டிருக்கவில்லை. பிறகு அந்தக் கரியமில வாயுக் கணக்கைப் பார்த்தார். வியர்வை, ஏறிய ரத்த அழுத்தம் எல்லாம் அவர் அறுவை அரங்கத்தில் பார்த்துப் பழகியவை. மூச்சு போதாமல் போனால் கரியமில வாயு வெளியேறாது. ரத்தத்திலேயே தேங்கி கார்போனிக் அமிலமாகும். அப்போதும் மொத்த அளவு ஏறத்தான் செய்யும். காரம் மிஞ்சினாலும் ஏறும், அமிலம் மிஞ்சினாலும் ஏறும்! எது என்று பிரித்துச் சொல்ல ஒரே வழி, ரத்தத்தின் பிஎச் அளவைப் பார்ப்பது. நலமான மனிதருக்கு அது 7.35 முதல் 7.45 வரை இருக்கும். கீழே இறங்கினால் அமிலம், மேலே போனால் காரம்.

அந்த பிஎச் அளவுகோல் பிறந்ததே இதே கோபன்ஹேகனில்தான். கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சென் 1909-இல் உருவாக்கியது. அதே ஊரில், 43 ஆண்டுகள் கழித்தும், நோயாளியின் படுக்கையருகே அது வழக்கத்துக்கு வரவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

"இவர்கள் சாவது மூளைக் கிருமியால் அல்ல, மூச்சு போதாமல்" என்பது இப்சனின் வாதம். அப்படியானால் கருவியை நம்பாமல், மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றை உள்ளே செலுத்தினால் பிழைக்க வேண்டும். செய்து காட்டுங்கள் என்றார்கள்.

ஆகஸ்ட் 27. பன்னிரண்டு வயதுச் சிறுமி. கைகால் நான்கும் அசையவில்லை. காய்ச்சல் 40 டிகிரிக்கு மேல். தன் எச்சிலிலேயே மூழ்கிக்கொண்டிருந்தாள். துளையிட்டுக் குழாயைச் செருகியாயிற்று. இப்சன் பையை அழுத்தினார். காற்று இறங்கவில்லை. மூச்சுக்குழல்கள் இறுகிக்கொண்டன. அவள் திமிறினாள். பை கல்லாகக் கெட்டித்து நின்றது.

வேறு வழியின்றி இப்சன் தயோபென்டால் மயக்க மருந்தைச் செலுத்தினார். சிறுமி துவண்டாள். தானாக வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச மூச்சும் நின்றது.

எல்லாம் முடிந்தது என்று எண்ணி, சுற்றி நின்ற மருத்துவர்கள் அறையை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். இப்சன் மட்டும் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்தச் சிறுமி பிழைத்தாளா? அவள் ரத்தத்தில் மிஞ்சியிருந்தது அமிலமா, காரமா? அதற்கு விடை சொன்ன ஆய்வுக்கூடத் தலைவர் போல் ஆஸ்ட்ரப்பை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)