ஆறங்குலப் படி: மின்னூற்கருவித் திரையும் தமிழ் நூல்களும்

ஓலையிலிருந்து அச்சுக்கு நூல்கள் மாறியபோது பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட இடர்கள் நன்கு ஆராயப்பட்டுள்ளன. அச்சிலிருந்து திரைக்கு மாறிய வரலாறு அத்துணைக் கவனம் பெறவில்லை. அதன் ஒரு கூறினை இக்கட்டுரை ஆராய்கிறது.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து வழங்கினர். 1999இல் உருவான திஸ்கிக் குறியீட்டில் அமைந்த கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றின. எனவே அவற்றைப் பின்னர் யூனிக்கோடுக்கு மாற்ற நேர்ந்தது. செல்லரித்த ஓலையைப் புதிய ஓலையில் படியெடுத்த பழைய வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். ஓர் வேறுபாடு, இங்கு அரித்தது கறையான் அன்று.

மின்மைத் திரை நுண்பொதிகளுக்குள் மிதக்கும் கருந்துகள்களையும் வெண்துகள்களையும் மின்புலத்தால் இடம்மாற்றி எழுத்தைக் காட்டுகிறது. தோன்றிய பக்கத்தை நிறுத்திவைக்க மின்சாரம் வேண்டுவதில்லை. ஓலையைப் போலவே புறவொளியில் படிக்கலாம். சோனி லிப்ரியே 2004இலும் கிண்டில் 2007இலும் வெளிவந்தன. ஆயின் தொடக்ககாலக் கிண்டில்களில் தமிழ் முறையாகத் தோன்றவில்லை. குறை மையில் இல்லை, மென்பொருளில் இருந்தது. 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு குறியீட்டு வரிசையில் ககரத்திற்குப் பின் வருகிறது. திரையில் முன் நிற்கவேண்டும். இம்மாற்றத்தைக் கருவி அறியாதபோது சொல் சிதைகிறது.

2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் இதற்கு எளிய வழி கண்டது. ஈபப், மோபி வடிவங்களோடு, ஆறங்குலத் திரைக்கு அளவாக அமைந்த பிடிஎஃப் ஒன்றையும் அது தந்தது. எழுத்துரு கோப்பினுள்ளேயே பொதிந்திருந்தமையால் தமிழ் சிதையவில்லை. ஆனால் பக்கம் உறைந்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் மின்னூல் விற்பனையைத் தொடங்கியபின் இத்தடை பெருமளவு நீங்கியது.

எனினும் கருவியின் எதிர்காலம் உறுதியானதன்று. குவால்காமின் மிராசோல் வண்ணத்திரை 2011இல் கொரியாவில் மின்னூற்கருவியாக வந்து விரைவில் மறைந்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழிக் கிண்டிலுக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது. வாங்கியவர் கையில் இருப்பது நூலா, வாசிக்கும் உரிமம் மட்டுமா என்னும் வினா பதிப்பியலுக்கு உரியதே.

1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர, ஆந்திரத்தில் நின்ற நாராயணவனம் போன்ற ஊர்களின் தமிழ் வாசகர்க்கு இவ்வினா நூலகத்தின் தொலைவோடும் தொடர்புடையது. அவர்க்குக் கைபேசியே ஏடு. கிண்டில் பேப்பர்வைட்டின் திரை 2021இல் 6.8 அங்குலமாகவும் 2024இல் 7 அங்குலமாகவும் வளர்ந்தது. ஆறங்குலப் படிகள் அதே அளவில் நிற்கின்றன. கைபேசியில் அவை இன்றும் திறக்கின்றன, எழுத்துதான் சிறிது.