நடுவழியில் ஹெட்லைட் அணைஞ்சா என்ன செய்யணும்? கார் வயரிங் கோளாறை நீங்களே கண்டுபிடிக்க எளிய வழிகள்!

சிவகங்கை மாவட்டம் திருக்கோஷ்டியூர் சௌமிய நாராயண பெருமாள் கோயிலின் மாசி தெப்பத் திருவிழாவில் விளக்கேற்றி வழிபட, வெளியூர்களில் இருந்தும் பக்தர்கள் திரண்டு வருவது வழக்கம். வழிபாடு முடிந்து கிளம்பும்போது இருட்டிவிடும். அந்த நேரம் பார்த்து, திருப்பத்தூர் - சிவகங்கை சாலையில் ஹெட்லைட் அணைஞ்சா?

பதற வேண்டாம். காரை ஓரமாக நிறுத்தி, ஹசார்டு லைட்டைப் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. பிறகு வரிசையாகப் பார்க்கலாம்.

எது எரியலை?

ஒரு பக்கம் மட்டும் எரியலைனா, முதலில் பல்பையும் அதன் கனெக்டரையும் பாருங்க. ரெண்டு பக்கமும் போனால் பியூஸ், ரிலே, சுவிட்ச் மீது சந்தேகப்படலாம். ஹசார்டு உட்பட எதுவுமே வேலை செய்யலைனா, பேட்டரி டெர்மினல் லூஸாக இருக்கலாம்.

பேட்டரி

மல்டிமீட்டரில் பார்த்தால், இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்கும். ஓடும்போதும் ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் கோளாறு.

பியூஸ், ரிலே

பியூஸின் நிறமே அதன் அளவைச் சொல்லும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே அளவு பியூஸை மாற்றுங்க. ரிலே மீது சந்தேகம் என்றால், அதே நம்பர் கொண்ட வேறொரு ரிலேவை (உதாரணமாக ஹாரன் ரிலே) மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

எர்த்

லைட் மங்கலாக எரியுதா? இண்டிகேட்டர் போட்டால் வேறு லைட்டும் சேர்ந்து மின்னுதா? பெரும்பாலும் எர்த் கோளாறுதான். வயர் பாடியில் சேரும் போல்ட்டில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்க.

இதை மட்டும் செய்யாதீங்க!

பியூஸ் இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். 10 ஆம்பியர் இடத்தில் 30 போட்டாலோ, கம்பியைச் சுற்றி வைத்தாலோ, பியூஸுக்குப் பதில் வயர் உருகும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. புது பியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கு என்று அர்த்தம். மறுபடி மாற்றாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

அதிக வாட் பல்பும் இதே கதைதான். 55 வாட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் போகும். கம்பெனி வயரிங் அதற்காகப் போட்டதல்ல.

எலி கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஊர் போய்ச் சேரும் வரைக்கும்தான். பிறகு அதே தடிமன் வயரை வைத்து சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடணும். வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்க. மஞ்சள் கனெக்டர் பொதுவாக ஏர்பேக்கினுடையது. ஆரஞ்சு கேபிள் ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களின் உயர் மின்னழுத்த வயர். இரண்டிலும் கை வைக்காதீங்க.

ஸ்பேர் பியூஸ், டார்ச், இன்சுலேஷன் டேப் மூன்றும் டேஷ்போர்டில் எப்போதும் இருக்கட்டும். லைட் சரியாகாவிட்டால், இருட்டில் ஓட்டாமல் உதவி வரும் வரை காத்திருப்பதே நல்லது.